இராஜரட்ணத்தின் எழுத்துருக்கள்

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் சாமத்தியவீட்டுக் கார்ட்டோ, செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகமோ அடிக்க வேண்டுமென்றால் எல்லோரும் இராஜரட்ணத்தின் அப்பார்ட்மென்டுக்குத்தான் போவார்கள். வரவேற்பறை மூலையில் ஒரு கொம்பியூட்டர். அதற்குள் ஊர்ப்பட்ட தமிழ் எழுத்துருக்கள். சிலது உலகத்திலேயே தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று பெருமையடிப்பார். அந்தப் பெருமை கடைசியில் அவர் தலையிலேயே விடிந்தது.

மனைவி தெய்வநாயகிக்கு மார்பில் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்தாயிற்று, கீமோ நடக்கிறது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சூப்போடை வந்திருந்து என்னைச் செத்தவளைப் பாக்கிறமாதிரிப் பாப்பினம்."

அவர் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். காப்பாற்றவும் பாடுபட்டார், மனிதர். விக், ஒருபக்கம் பஞ்சு வைத்த பிரா, எல்லாவற்றையும் பிரைவேற் விண்டோவில்தான் தேடினார். முடிந்ததும் ஹிஸ்ரறியை அழித்தார், தளங்கள் விட்டுப்போகும் குக்கீகளையும் அழித்தார். இனி ஒரு தடயமும் இல்லை என்று நிம்மதியாக இருந்தார்.

மேல்மாடிப் புனிதவதி மகளின் சாமத்தியவீட்டுக் கார்ட்டைச் சரிபார்க்க வந்து பக்கத்தில் இருந்தாள். குத்துவிளக்குப் படம் ஒன்று எடுக்க அவர் ஏதோ ஒரு தளத்தைத் திறந்தார். இடப்பக்க விளம்பரத்தில் மொட்டைத் தலைப் பெண் ஒருத்தி விக்கைப் பிடித்தபடி சிரித்தாள். வலப்பக்கம் அந்தப் பிரா. அவசரமாக வேறு பக்கத்துக்குப் போனார். அங்கேயும் அவளே சிரித்தாள்.

புனிதவதி சாத்திய படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். "அக்காவுக்கே, அண்ணை?"

"சீச்சீ, உது சும்மா விளம்பரம்."

அவள் கார்ட்டை ஒழுங்காகப் படிக்காமலே "எல்லாம் சரி" என்று எழும்பிப் போனாள்.

சனிக்கிழமை சூப்புச் சட்டியோடு வந்தாள். கதவைத் திறந்தது தெய்வநாயகி, தலையில் துணிகூட இல்லாமல். அண்ணையின் கொம்பியூட்டரில் பார்த்ததாகப் புனிதவதி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

வங்கியொன்றில் கொம்பியூட்டர் பாதுகாப்புப் பார்க்கும் பிரதாபனுக்கு இராஜரட்ணம் போன் அடித்தார்.

"அண்ணை, குக்கீயை அழிச்சா என்ன? உங்கட மிசினிலை என்னென்ன எழுத்துரு கிடக்கு, ஸ்கிரீன் எவ்வளவு பெரிசு, எல்லாத்தையும் விளம்பரக்காரர் பாப்பினம். உந்த எழுத்துருவெல்லாம் ரொறன்ரோவிலை வேறை ஆரிட்டை இருக்கு? எந்த விண்டோவாலை போனாலும் நீங்கள்தான் எண்டு தெரியும். தேடுறதுக்கு வேறை பிரவுசர் வையுங்கோ. எல்லாரையும் ஒரேமாதிரிக் காட்டுறது இருக்கு."

இராஜரட்ணம் போனை வைத்துவிட்டுக் கொம்பியூட்டரை அணைத்தார். குளியலறைக்குள் எட்டிப் பார்க்கிறவனையென்றாலும் பிடித்து நாலு சாத்துச் சாத்தலாம். இவன்களை எங்கே போய்ப் பிடிக்கிறது? ஒருத்தியின் வெட்டுப்பட்ட மார்பை மோப்பம் பிடித்து, விலைபேசி விற்று, சிரித்த முகத்தோடு வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறான்கள். அதற்குப் பெயர் விளம்பரமாம். தூ.

பிரதாபன் சொன்னதையெல்லாம் மனைவியிடம் ஒப்புவித்தார்.

"அழிச்சனான் எண்டுறீங்கள். அழிச்சா எப்பிடித் திரும்ப வரும்?" என்றாள். அவர் பிரதாபன் சொன்னதையே மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

அடுத்த கீமோவுக்கு அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கார்த் திறப்பும் கையுமாக வந்தார். தெய்வநாயகி ஏற்கெனவே வாசலில் நின்றாள். அவளுடைய பையைப் புனிதவதி பிடித்திருந்தாள்.

"நீங்கள் நில்லுங்கோ. இவ பாத்ததை என்ரை முகத்துக்கு நேரை சொன்னவ. உங்களோடை வந்தா, இன்னும் ஆருக்குத் தெரியுமெண்டு வழிமுழுக்க யோசிச்சுக்கொண்டு இருக்கோணும்."