பண்டாரம் மறுபடி கட்டாத தாலி

நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பல காலம் பூசை செய்த சின்னையா பண்டாரம் சென்ற வெள்ளிக்கிழமை காலையில் காலமானார். ஜெராமிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிக்காரர் கோலசிலாங்கூரில் என் கடை வாசலில் மாட்டை நிறுத்திச் சொன்னார்: "பண்டாரம் போயிட்டாரு முதலாளி. அவரு வீட்டம்மாவ பொணத்துக்கிட்ட விடமாட்டேங்குறாரு கங்காணி." சாவுச் செய்தியோடு இந்த அசிங்கத்தையும் சேர்த்தே கேட்க வேண்டியிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரங்கள் இளசாக இருந்த நாளில் வந்தவர் அவர். அப்போது தொழிலாளர் குடியிருந்த லயங்களில் ஆண்கள் நிறைய, பெண்கள் கொஞ்சம். ஒருநாள் கணவனை இழந்த ஒரு பெண்ணும் ஒரு பால்மரத் தொழிலாளியும் தாலி கட்டிவைக்கச் சொல்லி வந்தார்கள். "அறுத்தவ கழுத்துல மறுபடி ஏத்த அம்மன் ஒப்பமாட்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். காப்பில்லாத அந்தப் பெண்ணை, கூலிகளை மேய்க்கும் மண்டோர் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். கேட்பாரில்லை.

பண்டாரம் என் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். "அம்மன் பேரச் சொல்லி நாந்தான் முதலாளி அவளத் தள்ளிவிட்டேன். கோயில் வாசல் இல்லேன்னா மண்டோர் வாசல்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அதன் பிறகு கைம்பெண்ணுக்கும் கட்டிவைத்தார், கைவிடப்பட்டவளுக்கும் கட்டிவைத்தார், சாதி மாறி வந்தவர்களுக்கும் கட்டிவைத்தார். மஞ்சளும் கயிறும் என் கடைச் சரக்கு, எனக்கு வியாபாரம். அவர் வைத்த விதி ஒன்றே: லயத்து ஜனங்கள் முன்னால் பெண்தான் முதலில் வாயைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் ஒப்பமாட்டார். "கடைசி வீட்டுக்குக் கேக்கலியே தாயி" என்பார்.

கணவனை இழந்த அலமேலு அம்மாளை அவரே மணந்தபோது, சம்மதமா என்று கேட்க ஆளில்லை. என்னைக் கேட்கச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவேயில்லை. "ஊருக்கெல்லாம் கேட்டவருக்கு இன்னைக்கு வாயடைச்சுப் போச்சா? சம்மதம். கேட்டுச்சா, கடைசி வீடு?" என்று கத்தினார். லயமே சிரித்தது.

பிறகு காலம் மாறியது. பண்டாரம் தாலி கட்டிவைத்தவர்களில் ஒருவரான மருதமுத்து, கங்காணியாகிக் காசு பார்த்து, கோயில் கமிட்டிக்குத் தலைவரானார். கிள்ளானிலிருந்து ஒரு குருக்களை அழைத்து வந்தார். பண்டாரம் கட்டிவைத்தது எதுவும் சாஸ்திரப்படி தாலி அல்லவாம். ஓமம் வளர்த்து மறுபடி கட்டினால் மனைவி, இல்லாவிட்டால் வைப்பு. வைப்பு பால்குடம் எடுக்கக் கூடாது. முதல் ஆளாகக் கங்காணி பட்டு வேட்டியோடு உட்கார்ந்தார். வசதியுள்ளவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். நானும் கமிட்டியில் இருந்தேன். எதிர்த்தது நான் ஒருவன்தான்.

பண்டாரம் மறுத்தார். "நான் மறுபடி கட்டுனா மொதல்ல கட்டுனது பொய்யாயிடும்லா. காசில்லாம நிக்கிறவங்க புள்ளைங்கள என்னன்னு கூப்பிடுவீங்க?" பூசையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். லயத்துப் பின்னால் கீரை போட்டுப் பிழைத்தார். ஒரு நாளும் கோயிலைப் பழித்ததில்லை.

வழக்கம் மாறுவதை நான் குறை சொல்லவில்லை. அவரும் மாறியவர்தான், ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை அவரை மாற்றியது. இவர்களை மாற்றியது பட்டு வேட்டி.

செய்தி கேட்டு நான் தோட்டத்துக்குப் போனபோது பண்டாரத்தை உட்காரவைத்து விபூதி பூசியிருந்தார்கள். அலமேலு அம்மாள் வெளியே, சாக்கடையோரம்.

"தாலியே இல்லாதப்போ அறுக்குறது எத முதலாளி? கோடிச் சேல எதுக்கு? இப்பவாவது, நடந்தது தப்புன்னு குருக்கள் முன்னால அந்தம்மா சொல்லட்டும், விடுறேன்" என்றார் கங்காணி.

அலமேலு அம்மாள் என்னிடம் சொன்னார்: "எனக்கு அறுத்துக்க ஆசையா முதலாளி? கட்டுனது தாலின்னு அந்தாள ஒத்துக்கச் சொல்லுங்க."

ஒரு பெண் விதவையாவதற்கு நான் பேரம் பேச வேண்டியதாயிற்று. எத்தனையோ அழுகல் சரக்குக்கு விலை பேசியிருக்கிறேன். இதற்கு ஈடாக எதுவும் நாறியதில்லை.

"உங்க வீட்டம்மாவோட மொதப் புருஷன் நாகப்பட்டினத்துல சௌக்கியமா இருக்காரே, அவரு கட்டுனத யாரு அறுத்தா கங்காணியாரே?" என்றேன். கங்காணி மனைவிமேல் எனக்குக் குறையில்லை. விட்டு ஓடியவன் அவன். கூட்டத்தில் இருமல் கிளம்பியது.

"சத்தம் போடாதீங்கலா. உள்ள வாங்க, பேசிக்குவோம்" என்றார்.

பேசி வெளியே வந்தேன். அலமேலு அம்மாள் உள்ளே போய், பண்டாரத்தின் நெற்றியில் சரிந்திருந்த விபூதியை விரலால் நேராக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடி கட்டிக்கொள்ள வசதியில்லாத பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவரைச் சுற்றி அமர்ந்தார்கள். போய் வாருங்கள், பண்டாரம். நீங்கள் கட்டியது நிற்கிறது.

உள்ளே முடிவானது இதுதான்: அலமேலு அம்மாள் மனைவியாக உட்காருவார், கோடி அவருக்கே. கோயில் சங்கு ஊதாது. நான் கமிட்டியை விட்டு விலகுவேன். நாகப்பட்டினத்தைப் பற்றி இடுகாட்டில் வாய் திறக்கமாட்டேன். எழுதக்கூடாது என்று கங்காணி கேட்கவில்லை.