பெயர் தெரியாத பன்னிரண்டு முகங்கள்

ஒரு ஊரிலே ஒரு ஓவியன் இருந்தானாம். கண்ட முகத்தையெல்லாம் கீறினானாம், ஒருவரின் பெயரையும் எழுதி வைக்கவில்லையாம். அந்த ஊர் லண்டன். நூறு வருசம் கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவற்றில் மிஞ்சிய பன்னிரண்டு முகங்களையும் ஒரு பழைய படக்கடையில் விற்கிற வேலை எனக்கு வந்தது. கடைமேசைக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும்: பொருளுக்குப் பெயர் இல்லாவிட்டால், வருகிறவர் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்.

அழுக்கு

இவை ட்ரைபொயின்ட் படங்கள். செப்புத் தகட்டில் ஊசியால் கீறும்போது கோட்டின் ஓரத்தில் பிசிர் எழும். அது மையைப் பிடித்துக்கொள்வதால் அச்சில் கோடு வெல்வெட் மாதிரி மெத்தென்று விழும். மதிப்பே அதற்குத்தான். இதை நான் மெல்லிய குரலில் விளக்கி முடிக்கும்வரை ஒரு வெள்ளைக்காரக் கனவான் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி. இப்படி மை ஊறி அழுக்காகாத பிரதி ஏதும் உள்ளே இருக்கிறதா?”

தாத்தா

புது வீட்டு மாடிப்படிச் சுவருக்கு ஒரு பெண்மணி தாடிக்காரர் ஒருவரைத் தெரிந்தெடுத்தார். ஆள் யாரென்று தெரியாது என்று எச்சரித்தேன்.

“அதனால் என்ன? எங்கள் தாத்தா யாரென்றும் எங்களுக்குத் தெரியாது.”

மாமி

லண்டனின் கோலியர்ஸ் வுட் பக்கமிருந்து எங்கள் ஊர் அண்ணை ஒருவர் வந்தார். மாமியார் ஊரில் காலமாகி மூன்று கிழமை. முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்கவேண்டும். முகப்பில் போட ஒரு படமும் இல்லை. சண்டையில் வீடு எரிந்தபோது எல்லாம் போய்விட்டது. “வீட்டில மனுசி அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறா, தம்பி” என்றார். பிறகு கொண்டை போட்ட ஒரு வயதான பெண்ணின் படத்தைக் காட்டி, “அச்சொட்டா மாமிதான்” என்றார். அவ வெள்ளைக்காரி என்றேன்.

“அதுக்கென்ன? கறுப்பு மையிலதானே இருக்கிறா.”

மூக்கு

சனிக்கிழமை மனைவியைக் கூட்டிவந்தார். அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தா. அண்ணை கடையின் கூரையைப் பார்த்தார்.

“உங்களுக்குக் கண்ணில பூ விழுந்திட்டுதோ? அம்மாவின்ர மூக்கு இப்பிடியே?”

“எப்பிடி இருக்கும், அக்கா?” என்று கேட்டேன்.

“இதைவிடக் கட்டை. நுனி அகலம்.”

படத்தின் கண்ணாடிமேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் கட்டை மூக்கு ஒன்று போட்டேன். நான் வரையப் படித்தவனல்ல, படச்சட்டத்துக்கு அளவெடுக்கிற கைதான். காது பெரிசு என்றா. தோட்டுப் பாரத்தில் தொங்கும் என்றா. நாடி இவ்வளவு கூர் இல்லை என்றா. சும்மா கேட்டிருந்தால் அவவுக்குச் சொல்ல வந்திராது. பிழையான முகம் முன்னால் இருந்ததால் சரியானது ஒவ்வொன்றாக வந்தது. அழித்தேன், கீறினேன், மறுபடி அழித்தேன். முதலாளி சத்தமில்லாமல் மூன்று தேநீர் வைத்துவிட்டுப் போனார், மூன்றும் ஆறின.

கடைசியில் அக்கா பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் வைத்தா. பிறகு, “இப்ப அம்மா” என்றா.

அண்ணை எட்டிப் பார்த்தார்.

“நான் அப்பவே சொன்னனான்.”

படத்தை விட்டுவிட்டுத் தாளை மட்டும் சுருட்டிக்கொண்டு இருவரும் பஸ்தரிப்பை நோக்கி நடந்தார்கள். பொருள் பொருந்தவில்லை என்பதற்காக எனக்கு நன்றி சொல்லிப் போன வாடிக்கையாளர்கள் அவர்கள் மட்டுந்தான்.