இருபத்தொன்பதாம் நாள்

மனு வந்ததும் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்; முப்பது நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். தருமபுரி மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விதியைச் சொல்வேன். இப்போது மகளோடு ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். கோடையில் ஒருநாள் காலை ரொட்டி வாங்கப் போனால், கடைக்கதவில் ஒரு தாள்: மூன்று வாரம் ஊர்லௌப். அதாவது விடுமுறை. தெருவில் நல்ல கூட்டம் இருக்கும் பருவத்தில், ஒண்டியாளாகக் கடை நடத்தும் பிரௌ ஹில்டே, அதாவது ஹில்டே அம்மா, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். எனக்கு அருவருப்பாக இருந்தது. இதுவா தொழில் செய்யும் லட்சணம்?

அவர் திரும்பி வந்ததும், "உங்களுக்கு விடுமுறை அனுமதித்தது யார்?" என்று என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. சுவரில் மாட்டியிருந்த கடை உரிமத்தைக் கழற்றி, தூசி துடைத்து என் முன்னால் வைத்தார். சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்திருக்கிறார். மகள் வந்து விளக்கிய பிறகுதான் சிரித்தார். "நானே முதலாளி, நானே அனுமதித்தேன். கோடையில் கடையை மூடாவிட்டால் குளிர்காலத்தில் என்னை ஆஸ்பத்திரியில் போட்டு மூடிவிடுவார்கள்" என்றார்.

அதியமான்கோட்டையில் என் தங்கை செல்வியும் ஒண்டியாள்தான். சத்துமாவு விற்கிறாள். ராகியும் கம்பும் வறுத்து, மூட்டை கட்டி, பஸ் ஏற்றித் தருமபுரி மில்லில் அரைத்துக்கொண்டு வந்து, சலித்து, பொட்டலம் போட்டு, நெடுஞ்சாலைக் கடைகளுக்கு மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாரம் ஒருநாள் காரிமங்கலம் சந்தை. தருமபுரிக் கடை ஒன்று இரண்டு மடங்கு மாவு கேட்டது. வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் சொந்தமாக மில் போட்டால் முடியும். அதற்கு அனுமதி வேண்டும்; அனுமதி தருவது நான் வேலை பார்த்த அதே அலுவலகம்.

"திங்கக்கெழம மனு நாள்ல நேரா போய் நின்னுரட்டுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

போகாதே என்றேன். நேரில் போனால் சலுகை கேட்டது போலாகும். எல்லாம் பதிவுத் தபாலில் போகட்டும், விதி இருக்கிறது. மனுவை நானே எழுதிக் கொடுத்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு குறிப்பாணை வந்தது: பக்கத்து நிலக்காரரின் சம்மதக் கடிதம் இணைக்கப்படவில்லை. இணைத்தோம். மறுபடி இருபத்தொன்பதாம் நாள்: வரைபடம் தெளிவாக இல்லை. தெளிவாக்கினோம். மூன்றாவது முறையும் இருபத்தொன்பதாம் நாள்: சம்மதக் கடிதத்தில் தேதி இல்லை. அந்த வாசகத்தை எங்கேயோ படித்த நினைவு. என்னிடம் உதவியாளராக இருந்த குமரவேலுவுக்குப் போன் செய்தேன்.

"நம்ம செக்சன்ல பெண்டிங்கே கெடையாதுங்க சார். இருவத்தொம்பதாம் நாள் ஒரு கொற எழுதித் திருப்பிட்டா மனு முடிஞ்ச கணக்கு. பதில் வந்தா அது புது மனு, புது நம்பரு. எல்லாம் நீங்க பழக்கிவுட்டதுதாங்களே!"

பெருமையாகத்தான் சொன்னான். நிலுவையில்லாத பிரிவு என்று எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு இந்த நாடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்று மாலை அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்கடியில் தள்ளினேன். என் கையே எனக்கு நாறியது.

அந்த வாரம் செல்வி தருமபுரி மில் வாசலில், மூட்டையோடு மயங்கி விழுந்தாள். அனுமதி வரும்வரை அந்த இரண்டு மடங்கையும் பஸ்ஸிலேயே ஏற்றி அரைக்கலாம் என்று, சாப்பிடாமல், மூன்று மாதமாக ஒருநாள்கூட ஓயாமல் ஓடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது போனில் என்ன பேசுவது என்று தெரியாமல், ரொட்டிக்காரி உரிமத்தைக் கழற்றிக் காட்டிய கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்தம்மாவுக்கு அண்ணன் ஒருத்தன் பெட்டிசன் எழுதிக் குடுக்கலீங்களே, அதான் பொழச்சிருக்குது."

வீட்டுக்கு வந்ததும் அவளே முடிவு செய்தாள். இரண்டு மடங்கு இப்போது முடியாது என்று தருமபுரிக் கடைக்குச் சொன்னாள். நெடுஞ்சாலைக் கடைக்காரர்கள் இனி வீட்டுக்கு வந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பொட்டலம் போட எதிர்வீட்டு மல்லிகாவைக் கூலிக்கு வைத்தாள். சந்தைக்கு மறுநாள் லீவு, கதவைத் திறக்க மாட்டாள். வாடிக்கை போய்விடும் என்று பதறினேன்.

"போறவங்க போகட்டுங்கண்ணா. நானே போயிட்டா மாவு யாரு விப்பாங்க?"

சிலர் போனார்கள். மற்றவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டிவந்தார்கள். மூன்றாம் மாதம் விற்பனை பழைய அளவைத் தாண்டியது.

நேற்று ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது செல்வி ஒரு படம் அனுப்பினாள். சம்மதக் கடிதத்தில் தேதி போட்டு நாங்கள் மறுபடி அனுப்பியதற்குப் பதிலாக வந்த அலுவலகப் பதிவுத் தபால். உறைமேல் தபால்காரர் எழுத்தில் 'கதவு பூட்டியிருந்தது'. மறுநாள் தபாலாபீசுக்குப் போய் வாங்கியிருக்கிறாள். உள்ளே இருந்த ஆணை: அனுமதி வழங்கப்படுகிறது, முப்பது நாட்களுக்குள் இயந்திரம் நிறுவாவிட்டால் புது மனு செய்ய வேண்டும். போன் செய்தேன்.

"வூட்டுல இல்லையா நீ?"

"உள்ளாரதாங்க படுத்திருந்தேன். தபால்காரரு கூப்ட்டாரு, எந்திரிக்கல. லீவு நாளுங்களே! மில்லு போடலாங்கண்ணா, மல்லிகா பாத்துக்குவா. ஆனா இருவத்தொம்பதாம் நாள் பதில் சொல்றேன்னு எழுதிப் போட்டுருங்க."

வரிசை நகர்ந்தது. பிரௌ ஹில்டே என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன், அவர் காத்திருந்தார். என் கண் போனில், படத்திலிருந்த உறையின் மூலையில் இருந்தது. அங்கே தபால்காரர் தேதியும் போட்டிருந்தார்: அக்டோபர் இருபது. சந்தைக்கு மறுநாள், செல்வி தனக்குத் தானே அனுமதித்துக்கொண்ட விடுமுறை.