ஓட்டை இல்லாத வடை

"பி.காம். படிச்ச பொண்ணு, கொழுப்பைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

மூன்று மாதம் முன்பு எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் என்னைக் கேட்டது இது. அப்பாவின் கொலஸ்ட்ரால் மாத்திரை இனி வேண்டாம், இயற்கையாகவே குறைத்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வதே நான்தான். என்னிடம் போய்...

"படிக்கத் தெரியும் அண்ணே, அது போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நிறையத்தான் படித்தேன், செல்போனில். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் கீரை, ஊறவைத்த வெந்தயம், உத்திர வீதியில் வாக்கிங். அப்பா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்றார் — முதல் வடை.

அப்பா ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் உளுந்து வடை போடுகிறார். முதல் ஈட்டில் ஒன்றை எடுத்து, வந்தவர்கள் பார்க்கப் பிட்டு, பாதியைத் தின்பார். மீதிப் பாதி, நான் ஸ்கூல் போன நாளிலிருந்து, எனக்கு. "நாம திங்காததை அடுத்தவங்களுக்குக் குடுக்கலாமா?" என்பார்.

இரண்டே மாதத்தில் தொப்பை குறைந்தது. ரத்த டெஸ்ட் எடுத்தோமா? இல்லை. அதுதான் கண்ணுக்கே தெரிகிறதே! போன மாதம் பத்திரிகையின் இதே பக்கத்தில் பெருமையடித்து எழுதினேனே, ஞாபகமிருக்கிறதா?

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் போகும் வழியில் வண்டிப் பக்கம் போனேன். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் அண்ணன் தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, வடையில ஓட்டையைக் காணோம்? அதையும் நீங்களே தின்னுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் தட்டைப் பார்த்தேன். நாலைந்து வடைகள். ஒன்றிலும் ஓட்டை இல்லை... கோணல்மாணலாகக் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஓட்டை போடுகிற கை அது!

"அப்பா, கையில என்ன?"

"ஒண்ணுமில்ல பாப்பா. செத்த நேரம் மரத்துப்போச்சு. இப்பச் சரியாயிடுச்சு, பாரு."

அடுத்த வடையில் அழகாக ஓட்டை விழுந்தது.

அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. திடீரென்று ஒரு பக்கக் கை மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, தானாகச் சரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் — செல்போனில் இதுவும் படித்திருந்தேன். அடுப்பை அணைத்தேன்.

"எண்ணெயில வடை கெடக்கு பாப்பா..."

"கெடக்கட்டும்ப்பா."

மாணிக்கம் அண்ணன் தட்டை வைத்துவிட்டு ஆட்டோவை எடுத்தார். காவிரிப் பாலம் அன்றைக்கு ஏன் அவ்வளவு நீளம்? வழியெல்லாம் அப்பாவைப் பேச வைத்துக்கொண்டே போனேன். "என் பேரு சொல்லுங்கப்பா." "அது மறந்துபோகுமா? பேசாம வா."

டாக்டர் ஸ்கேன் பார்த்தார். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டுச் சரியாகியிருக்கிறதாம். பெரிய ஸ்ட்ரோக் வரலாம் என்பதற்கு எச்சரிக்கை.

"மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?"

"நானாத்தான் சார் நிறுத்துனேன்" என்று அப்பா முந்திக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. "நடக்கட்டும், கீரை சாப்பிடட்டும். எல்லாம் நல்லதுதாம்மா. ஆனா மாத்திரையோட சேர்த்து. அதுக்குப் பதிலா இல்ல. குறைக்கலாமா, நிறுத்தலாமான்னு ரத்தத்தைப் பார்த்து நாங்க சொல்றோம்."

போன மாதம் நான் எழுதியதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால்... தயவுசெய்து இன்றே டாக்டரைப் பாருங்கள். அந்தப் பயத்தில்தான் இந்த வாரம் எழுதவே உட்கார்ந்தேன்.

அப்பா இன்னும் வார்டில்தான் இருக்கிறார். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்கிறார். நான் பார்ப்பது தெரிந்தால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார்.

அன்றைக்கு நான் கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இந்தக் கொழுப்பு பரம்பரையாவும் வரும்மா. நீ எப்பவாவது டெஸ்ட் எடுத்திருக்கியா?"

எனக்கு அந்தப் பாதி வடைகளெல்லாம் ஞாபகம் வந்தன.

இன்று காலை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ரிப்போர்ட் சாயங்காலம் வரும். நேராக டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் — இந்த ஒன்றை நான் படிப்பதாக இல்லை.