பாலத்தின் மேல் அக்கா கட்டிய சுவர்

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பட்டுக் கடையின் மாடியில் என் பெரியப்பா பெண்ணான அக்கா பிரவுசிங் சென்டர் நடத்தினாள். ஆறு கம்ப்யூட்டர்கள். பகலில் பரீட்சை ரிசல்ட், ஹால் டிக்கெட், ஜாதகம் ஸ்கேன் பண்ணுவது என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் காலேஜ் பசங்கள் நாங்கள் உட்காருவோம். மூன்று பேருக்கு மூன்று பேர், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு.

எங்கள் அணியில் நானும், பக்கத்துத் தெரு நண்பன் ஒருவனும் நிரந்தரம். அவன் வீட்டில் தெலுங்கு. சுடும்போது மட்டும் இரண்டு மொழியிலும் கத்துவான். மூன்றாவது ஆள் ஒருநாள் வரவில்லை. கல்லாவில் இருந்த அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்கார வைத்தோம்.

அந்த விளையாட்டில் ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணல் மூட்டை அடுக்கி, முள்கம்பி போட்டு அரண் கட்டுகிறவன் என்று ஒரு வேலை உண்டு. அதை யாரும் தொட்டதில்லை. அக்கா நேராக அதைத்தான் எடுத்தாள்.

"சண்டை போட வந்தியா, வீடு கட்ட வந்தியாக்கா?" என்று நண்பன் சிரித்தான்.

"நானும் தினம் பாத்துக்கினுதான இருக்கேன்? ரெண்டு பேரும் முன்னாடி ஓடுறீங்க, சாவுறீங்க. மறுபடி எழுந்து வர்றதுக்குள்ள அவனுங்க உள்ள வந்துடுறானுங்க. நீங்க வர்ற வரைக்கும் அவனுங்கள நிறுத்தி வைக்க எதுனா வேணாமா?"

அன்றைக்குத் தோற்றோம், ஆனால் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தாக்குப்பிடித்துத் தோற்றோம். அடுத்த நாள் மூன்றாவது ஆள் வந்து நின்றான். அவனை எதிரணிக்கு அனுப்பிவிட்டோம்.

கருட சேவை அன்று வாலாஜாபாத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். என்னோடு காலேஜ் பஸ்ஸில் வருகிறவர்கள். சாமி பார்த்துவிட்டு, மத்தியான வெயிலுக்கு மாடி ஏறினவர்கள், "ஒரு மேட்ச் போடலாமாப்பா?" என்றார்கள். குறித்த நேரத்துக்குள் எதிரியின் முகாமில் இருக்கும் பெட்டியைப் பிடிக்க வேண்டும். அப்புறம் இடம் மாறி, நம் பெட்டியைக் காப்பாற்ற வேண்டும். முதல் பாதியில் அவர்களுடைய பெட்டியை எப்படியோ பிடித்துவிட்டோம். காப்பாற்றுவதுதான் பாக்கி.

எங்கள் முகாமுக்கு வர ஒரே ஒரு பாலம். அக்கா அதன் நடுவில் மூட்டைகளை அடுக்கினாள். அடுக்கியவள் வலது ஓரத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டாள்.

"அய்ய, ஓட்டைய ஏன்க்கா விட்ட?" என்று நண்பன் பதறினான்.

"எல்லாத்தையும் அடைச்சா பாம் போட்டு எங்க உடைப்பானுங்கன்னு நமக்குத் தெரியாது. வழி இருந்தா அதுலதான் வருவானுங்க. நீ வேற எங்கயும் பாக்காத, அங்கயே குறி வெச்சிக்கினு இரு."

அவள் சொன்னபடியே வந்தார்கள். ஒருவன் பின்னால் ஒருவனாக அந்தச் சந்துக்குள் தலை நீட்டி விழுந்தார்கள். வாலாஜாபாத்துக்காரர்கள் எதிர் வரிசையிலிருந்து கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் என் நண்பனுக்கு ரத்தம் சூடாகி, சுவரைத் தாண்டி வெளியே பாய்ந்தான். பாய்ந்த வேகத்திலேயே செத்தான். எதிராளிகள் பாம் போட்டுப் போட்டு மூட்டைகளைச் சரித்தார்கள்.

நானும் சுவரைத் தாண்டி ஓடப் பார்த்தேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயும் போவாதடா. நான் மூட்டைய நிமித்துறேன். நீ என் முன்னாடி நின்னு சுடு, போதும்" என்றாள். நின்றேன். சரியச் சரிய அவள் அடுக்கினாள். நண்பன் மறுபடி உயிரோடு எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றபோது, சுவரில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதியின் பின்னால் மூவரும் ஒண்டிக்கொண்டு சுட்டோம். நேரம் முடிந்து மணி அடித்தது. பெட்டி எங்களிடமே இருந்தது.

வாலாஜாபாத்துப் பையன்களில் ஒருவன் சுற்றி வந்து எங்கள் மூன்று திரைகளையும் எட்டிப் பார்த்தான். "யாருங்க அந்தச் சுவத்தக் கட்டினது?"

"நான்தான். எழுந்திருங்க எல்லாரும், ரிசல்ட் பாக்க ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க" என்று அக்கா கல்லாவுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் சென்டரில் அரண் கட்டுகிற வேலைக்குப் போட்டியே வந்துவிட்டது. "நேத்து நீ கட்டின, இன்னைக்கு நான்" என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அக்கா கல்யாணமாகி ஓசூர் போனாள். நாங்களும் வேலைக்குக் கிளம்பினோம். மாடியில் இப்போது பட்டுக் கடையின் குடோன்.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தபோது அந்த மேட்சைப் பற்றிக் கேட்டேன். பாலமும் பெட்டியும் அவளுக்கு நினைவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பதும் மறந்துவிட்டது. ஆனால் சிரித்தாள்.

"அன்னைக்கு ஒரு நாள்தான்டா, கடைசிலயாவது நீங்க ரெண்டு பேரும் நான் சொன்ன இடத்துல நின்னீங்க."