தட்டில் திருப்பிப் போட்ட வசனம்

எங்கள் சபையில் வருஷத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தத் தட்டு வரும். தட்டு நிறைய வேதவசனம் எழுதி மடித்த சீட்டுகள், வீட்டுக்கு ஒன்று. கையில் வந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்த சொல். சுவரில் ஒட்டிவைப்போம்.

போன வருஷம் என் சீட்டை நானே படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் இன்னொருத்தரிடம் நீட்ட மாட்டேன். உறைபனியைப் பெற்றவர் யார் என்று ஆண்டவர் கேட்கிற வசனம் அது. வேதத்தில், எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்து நியாயம் கேட்ட மனிதனுக்கு, பதில் சொல்லாமல் கேள்வியாகவே அடுக்குவாரே, அதில் ஒன்று. எனக்குக் கேள்வி வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன ஒரே மகன் மூன்று வருஷமாக வரவில்லை. வருவான் என்று ஒரு சொல் வேண்டும். சீட்டை மடித்துத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன்.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, துணிக்கடைன்னு நெனச்சீங்களா? புடிக்கலீன்னா வேற எடுக்கறதுக்கு?"

"உன்ற வேலையப் பாரு புள்ள."

மேலாகக் கிடந்த என் சீட்டையே அவள் எடுத்துக்கொண்டாள்.

நான் எடுத்த இரண்டாவது சீட்டில் பிள்ளைகள் தூரத்திலிருந்து வருவார்கள் என்றிருந்தது. தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில், மகன் வரப்போகிறான் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவன் கட்டிலுக்குப் புதுக் கம்பளி வாங்கினேன். கிறிஸ்துமஸ் அன்று கறி ஆக்கி இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தேன். மத்தியானம் போன் வந்தது.

"லீவு குடுக்கலீங்கம்மா."

இரண்டு தட்டையும் நானே கழுவினேன். ஒன்றில் எச்சில்கூட இல்லை.

அடுத்த வாரம் உறைபனி கொட்டியது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்த கை என்னுடையது; தேயிலையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த புல்லைப் பரப்பி எனக்கென்று இருக்கிற இருபது சென்ட் தேயிலையையும் மூடியிருந்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் கீழ்ப்பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது. மேல்பாத்தியில் ஒரு இலை வாடவில்லை. இரண்டுக்கும் ஒரே புல், ஒரே கை.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லப் போனேன். அவள் அடுப்புக்கு மேலே அந்தச் சீட்டு, புகையேறிப் பழுத்திருந்தது.

"வேணுங்களாக்கா? தரமாட்டனே!" என்று சிரித்தாள்.

நின்றபடி முழுதும் கூட்டிப் படித்தேன். பனியைப் பெற்றவள் நானில்லை. நான் பெற்றது ஒருத்தனை. அவனும் என் சொல்லுக்கு வருகிறவன் இல்லை. வீட்டுக்கு வந்தேன்.

மகனுக்கு நானாகப் போன் போட்டேன். எப்போது வருவாய் என்று அன்று கேட்கவில்லை.

"இங்க உறைபனி கொட்டிருச்சு கண்ணு."

"செடியெல்லாம் போச்சுங்களாம்மா?"

"கீழ போச்சு. மேல தப்பிச்சுக்கிச்சு."

"அதெப்படிங்கம்மா?"

"எனக்குத் தெரியாது கண்ணு," என்றேன். அப்படி ஒரு வார்த்தையை அவன் என் வாயிலிருந்து கேட்டதில்லை. போனை வைக்காமல் மேல்பாத்தியைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான்.