மேடைக்கு முதுகு காட்டி நின்றவள்

காவல் நிறுவனத்துக்காரனிடம் கெஞ்சிக் கெஞ்சி சைத்தோன் வாங்கிய இடம் அது. அரங்கத்தின் கார் நிறுத்துமிடத்தில் விசிலும் கையுமாக நிற்பவள், ராக் பாடகன் லான் பெத்திர் பாடும் அன்று மட்டும் மேடைக்குக் கீழே, தடுப்பு வேலிக்கு உள்ளே நிற்க ஆசைப்பட்டாள். கிடைத்துவிட்டது.

"அஞ்சலை, அவன் வேர்வை என் மேல தெறிக்கும்லா!" என்று போனில் என்னிடம் கத்தினாள். "உங்க எல்லாருக்கும் முன்னால நான்."

நானும் அவளும் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்குள் கண்ணை விட்டு வேலை செய்தவர்கள். சங்கம் வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. தெருவில் போனால் 'மீனா காரான்' என்று பையன்கள் மலாயில் கேலி செய்வார்கள்; மின்சாரக் கம்பெனிக் குட்டிகளாம் நாங்கள். பத்திரிகைகளும் சும்மா இல்லை. ராக் கச்சேரிக்குப் போகிற தொழிற்சாலைப் பெண்களால் நாட்டின் ஒழுக்கம் கெடுகிறது என்று எழுதின. எங்கள் கண் கெட்டதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அந்தக் காலத்தில் லான் பெத்திர் எங்கள் விடுதிச் சுவரெல்லாம் இருந்தான். இடுப்புவரை முடி, இறுக்கமான காற்சட்டை, தொண்டை கிழிகிற உச்சக் குரல். அவன் எங்கள் ஊருக்குப் பாட வந்த அன்று சைத்தோன் புதுச்சட்டை போட்டு வாசல்வரை வந்துவிட்டாள். அவசர ஆர்டர் என்று மேற்பார்வையாளர் எல்லோர் விடுப்பையும் ரத்து செய்தார். புதுச்சட்டைக்கு மேல் வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு விடியும்வரை சில்லுகளில் கம்பி பற்றவைத்தாள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், கணவன் சாவு, கம்பெனி இடம்பெயர்ந்து போனது. லான் பெத்திரை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

அதனால்தான் அந்த இடம் அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. ஆனால் ஒன்றை யோசிக்க மறந்துவிட்டாள். கதவு திறக்குமுன் ஃபிர்டாவுஸ் காவலர்களை வரிசையில் நிறுத்தினான். அவள் மகன் வயசு மேலாளர்.

"எல்லாரும் கூட்டத்தப் பாத்து நில்லுங்க. மேடைப் பக்கம் தலை திரும்பக் கூடாது. திரும்புனவங்க நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

"தம்பி, ஒரு பாட்டுக்காவது..."

"அக்கா, நீங்க பாட்டுக் கேக்க வந்தீங்களா, வேலை பாக்க வந்தீங்களா?"

கூட்டம் நெரிந்து ஆள் செத்த கச்சேரிகள் உண்டு. கண்காணிக்க ஆள் வேண்டும், சரி. ஒரு பாட்டுக்கு ஒருவராக மாற்றி விட்டால் குடி முழுகிவிடுமா? அப்படி ஒருவரும் யோசிப்பதில்லை. மாத ஒப்பந்தத்தில் நிற்கிறவளுக்கு ஆசை இருக்கும் என்று நினைத்தால்தானே யோசிப்பதற்கு.

நான் மேல்வரிசையில், மகள் வாங்கித் தந்த மலிவு டிக்கெட்டில் இருந்தேன். கீழே காவலர்களின் மஞ்சள் சட்டைகள் வேலியோடு வரிசையாக எங்களைப் பார்த்து நின்றன. அதில் ஒன்று மட்டும் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது. முதல் கிதார் ஒலியில் அரங்கமே எழுந்தது. அவன் வந்துவிட்டான் என்பதை, எதிரே இருந்த முகங்களில்தான் சைத்தோன் பார்த்தாளாம். வாய்கள் பிளந்தன, நரைத்த ஆண்கள் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். அவன் இடது பக்கம் போனால் கண்களெல்லாம் இடது பக்கம் போயின. முதுகில் அவன் குரல் வந்து அறைந்தது. கையைப் பின்னால் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், கண்ணாடி போட்ட ஒரு பெண் இவளையே கவனித்திருக்கிறாள்.

"என்னக்கா, நீங்க பாக்கலையா?"

"பாத்தா வேலை போயிரும்."

"அநியாயமா இருக்கே! இந்தாங்க." அந்தப் பெண் போனை செல்ஃபிக்கு மாற்றி, திரை சைத்தோனைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தாள். திரை முழுக்க சைத்தோனின் முகம். தொப்பி, வேர்வை, சுருக்கம். தோளுக்குப் பின்னால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு மனிதன் குதித்தான்.

"நீ நகருடி மூதேவின்னு என் மூஞ்சியவே திட்டுனேன்," என்றாள் பிறகு என்னிடம்.

அப்போது அந்தப் பாட்டு வந்தது. விடுதியில் கேசட் தேய்ந்து அறுந்த பாட்டு. கடைசியில் குரல் மேலே மேலே ஏறி உச்சியில் நிற்க வேண்டும். ஏறியது, பாதியில் உடைந்தது. எதிரே இருந்த முகங்கள் சட்டென்று மாறின. விலையுயர்ந்த நாற்காலிகளில் யாரோ சிரித்தார்கள். போன் திரையில் அந்தச் சின்ன மனிதன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒலிவாங்கியைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான்.

மேலே இருந்து நான் பார்த்தேன். மஞ்சள் சட்டைகளின் வரிசையில் ஒன்று திரும்பியது. முழுசாகத் திரும்பி, தலையை நிமிர்த்தி நின்றது. ஃபிர்டாவுஸ் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவள் உத்தரவு வரும் காதுக்கருவியைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டாள். பாட்டு முடிகிறவரை அசையவில்லை. முடிந்ததும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்று, கடைசிவரை வேலையைச் செய்தாள்.

வெளியே வந்தபோது மஞ்சள் சட்டை அவள் மேல் இல்லை.

"வாங்கிட்டானா?"

"நானே கழட்டிக் குடுத்துட்டேன்."

நான் அரங்கத்துப் பக்கம் திரும்பினேன். "வா, போய்க் கேப்போம். ஒரே ஒரு பாட்டுக்கு வேலையத் தூக்குவானுங்களா?"

"கேளு, கேளு. நாளைக்குக் கேளு. இதக் கேளு மொதல்ல." என் கையைப் பிடித்து ரயில் நிலையத்துக்கு இழுத்தாள். "அவன் முடி சவுரிலா, அஞ்சலை! காதுக்குப் பின்னால கிளிப்பு தெரியுது!"

நீளமுடி வைத்தால் டிவியில் இடமில்லை என்று அரசாங்கம் சொன்ன வருஷம், லான் பெத்திர் அழுதுகொண்டே முடியை வெட்டியதும், அதற்காகச் சைத்தோன் சோறு தின்னாமல் கிடந்ததும் என் நினைவுக்கு வந்தன. முடிக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள தொடர்பை இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை.

"கிழவனாயிட்டான்," என்றாள். "முட்டியில என்ன மாதிரியே பட்டை கட்டியிருக்கான். என்னப் பாத்தான். பாத்துட்டு மைக்க என் பக்கம் நீட்டுனான். இல்ல, எல்லார் பக்கமும்தான். ஆனா நான்தானே முன்னால நிக்கிறேன்?"

"பாடுனியா?"

"பாடாம? அவன் போகாத உச்சிக்கு நான் போனேன்!"

ரயில் வந்தது. இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் தாளம் போட்டாள். எதிரே இருந்தவர்கள் முறைத்தார்கள்.

"நீ கேட்டியா, அஞ்சலை? மேல வரைக்கும் வந்துச்சா?"

அத்தனை ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த நேரம் அது.

"கேக்கலடி," என்றேன். "நீ திரும்புனதப் பாத்தேன்."